நின்றதும் ஆஃப் ஆகும் பழைய கார்... கோளாறு எங்கே? மெக்கானிக்கிடம் போகும் முன் கவனிக்க வேண்டியவை

அரக்கோணம் ஜங்ஷனில் இருந்து சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. சுற்றுவட்டாரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரயில்வே கேட்டில் காத்திருப்பது பழகிப்போன விஷயம். அப்படிக் காத்திருக்கும்போது சிலருடைய கார் மட்டும் கிடுகிடுவென ஆடும். கேட் திறந்து கிளட்சை விட்டதும் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். பின்னால் ஹாரன் சத்தம். சாவியை இரண்டு முறை திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் என்பதால், 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம்.

இதை அப்படி விடக்கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்கு வாக்யூம் வருவதும் நின்றுவிடும். முதல் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பிரேக் பழையபடி பிடிக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். சமதரையில் சமாளிக்கலாம். 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரி இறக்கத்தில் இப்படி ஆனால் யோசித்துப் பாருங்க.

ஓடும்போது நல்லா இருக்கே?

காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் சரியாகச் சேர்ந்தால்தான் பெட்ரோல் இன்ஜின் ஓடும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது நிமிடத்துக்குச் சுமார் 800 முதல் 900 சுற்று வரைதான் சுழலும். உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் அப்போது ரொம்பக் கொஞ்சம். வேகமாகப் போகும்போது தெரியாத சின்ன ஓட்டை, சின்ன அடைப்பு எல்லாம் இங்கே பெரிய பிரச்னையாகிவிடும்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983-ல் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற கார். 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று 'மிஸ்ஸிங்' அடித்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. அதனால்தான் வண்டி மொத்தமும் ஆடுகிறது.

எப்போ ஆஃப் ஆகுது? இதுதான் முக்கியம்

ஒரு வாரம் இதை மட்டும் கவனித்து வையுங்க. பாதிக் கோளாறைக் கண்டுபிடித்த மாதிரி.

காலையில் மட்டும் நின்று, சூடானதும் சரியாகிறதா? கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கைப் பார்க்கணும். எம்.பி.எஃப்.ஐ வண்டி என்றால் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரைப் பார்க்கணும்.

அதற்கு நேர்மாறாக, மே மாத வெயிலில் அரை மணி நேரம் ஓடியபிறகு நின்று, ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகிறதா? சந்தேகம் இரண்டு. ஒன்று, சூடானதும் வேலை செய்யாமல் போகும் இக்னிஷன் காயில். இன்னொன்று, கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. அந்தக் கால அம்பாசிடர் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்குத்தான். வேலூர் பக்கத்து வெயிலுக்கு அந்த வைத்தியம் இன்றும் பலிக்கும்.

ஏசி, ஹெட்லைட் போட்டால் மட்டும் நிற்கிறதா? பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் வயரைப் பாருங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கணும். அது சரி என்றால், ஏசி போடும்போது ஐட்லிங்கைத் தூக்கிக் கொடுக்கும் வால்வ் வேலை செய்கிறதா என்று பார்க்கணும்.

நேரம் காலம் இல்லாமல் எப்போதும் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. மெக்கானிக்குகள் 'ஏர் புடிக்குது' என்பார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் ரப்பர் ஹோஸ்கள் வெடித்துப்போகும். பானெட்டைத் திறந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா கேளுங்க. ஒவ்வொரு வாக்யூம் ஹோஸையும் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால், எதைப் பிடிக்கும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று சீராகிறதோ அந்தப் பக்கம்தான் சந்தேகம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை மறக்க வேண்டாம். கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பதும் உண்டு. சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும், அதை நீங்க செய்ய வேண்டாம்.

பிளக்கைக் கழற்றினால் அதுவே கதை சொல்லும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் செலவு வருகிறது என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் மட்டும் தொல்லையா? ராத்திரி இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்க. பிளக் வயர்களில் நீலமாகப் பொறி தெறித்தால் வயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கை வைக்காதீங்க, ஷாக் அடிக்கும்.

கார்புரேட்டரில் ஐட்லிங்குக்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட் இருக்கும். ஒரு தூசி போதும், அடைத்துக்கொள்ளும். எம்.பி.எஃப்.ஐ-யில் அதே இடத்தில் கரி படிந்த த்ராட்டில் பாடி. இரண்டுக்குமே முதல் மருந்து சுத்தம் செய்வதுதான், புதுசு வாங்குவது இல்லை.

இ20 பெட்ரோல் காரணமா?

எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடியாது, ஆனா பங்கு உண்டு. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் குறைந்த மாதிரி ஆகும். சென்சார் உள்ள வண்டி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை, டியூனிங்கைத்தான் மாற்ற வேண்டும். பழைய டேங்கில் படிந்த கசடையும் எத்தனால் கிளப்பிவிடும், அது ஃபில்டரில் போய் நிற்கும். ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கலாம். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

ஸ்லோ ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால் போதுமா?

நிறைய இடங்களில் நடப்பது இதுதான். ஐட்லிங்கை ஏற்றிவிட்டால் வண்டி நிற்காது, ஆனா கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். காற்றுக் கசிவு, பிளக், ஃபில்டர், சுத்தம் எல்லாம் முடிந்தபிறகுதான் அந்த ஸ்க்ரூவில் கை வைக்கச் சொல்லுங்க. இதற்கும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரஷன் செக் பண்ணச் சொல்லலாம். அதைப் பார்க்காமல் 'இன்ஜின் இறக்கணும்' என்று சொன்னால், இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்டுவிடுங்க.

தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டால்?

முதலில் எல்லோரையும் இறக்கி, தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்க. கேட் கீப்பரிடம் உடனே தகவல் போகணும். ரயில் வருவது தெரிந்தால் வண்டியை விட்டுவிட்டு விலகுங்க. நேரம் இருந்தால் நியூட்ரலில் தள்ளலாம். தள்ள ஆள் இல்லை என்றால், கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட்டர் சுற்றும் பழைய வண்டிகளில் ஒரு வழி உண்டு: முதல் கியரைப் போட்டு, கிளட்சில் கால் வைக்காமல் சாவியைத் திருப்பிப் பிடியுங்க. ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், பேட்டரி பலத்திலேயே வண்டி சில அடி நகர்ந்துவிடும்.