விமானிக்கு வரும் ‘மெசேஜ்’: ஐரோப்பிய வானில் ரேடியோ பேச்சைக் குறைக்கும் டேட்டா லிங்க்.. எப்படி வேலை செய்யுது?

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று கேஎல்எம், மற்றொன்று பான் ஆம். புறப்பட அனுமதி கிடைக்காமலேயே கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியது. காத்திருக்கும்படி கட்டுப்பாட்டுக் கோபுரம் ரேடியோவில் சொன்ன அதே நேரத்தில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானியும் சொன்னார். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதியதால், கேஎல்எம் காக்பிட்டில் கேட்டது ஒரு விசில் சத்தம்தான்.

அந்த விபத்தில் 583 பேர் உயிரிழந்தனர். விபத்துக்கு காரணங்கள் பல இருந்தாலும், ரேடியோவின் ஒரு பெரிய பலவீனம் அன்று உலகத்துக்கே தெரிந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், இரண்டு பேர் பேசுவதும் கேட்காமல் போகலாம். விமானங்கள் இன்றும் அதே வகை விஎச்எஃப் ரேடியோவில்தான் பேசுகின்றன.

அந்த ரேடியோவின் சுமையைக் குறைக்க ஐரோப்பா கொண்டு வந்ததுதான் ‘டேட்டா லிங்க்’. கன்ட்ரோலர் சொல்ல வேண்டியது எழுத்தாக காக்பிட்டுக்குப் போகும். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது, எப்போது பயன்படுத்தக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ரேடியோவில் என்ன பிரச்னை?

வானத்தை ‘செக்டர்’ என்ற பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு அலைவரிசை. அந்தப் பகுதியில் எத்தனை விமானங்கள் பறந்தாலும், எல்லோரும் அதே அலைவரிசையில்தான் பேசணும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கணும்.

கன்ட்ரோலர் ஒரு உத்தரவு சொன்னால் வேலை முடிந்துவிடாது. விமானி அதைத் திருப்பிச் சொல்லணும். அவர் சரியாகச் சொல்கிறாரா என்று கன்ட்ரோலர் கவனிக்கணும். தப்பாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே மாதிரி ஒலிக்கும் விமான எண்கள் இரண்டு இருந்தால், ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் தனக்கு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பேசுவது ஆங்கிலம் என்றாலும், ஐரோப்பாவில் பலருக்கு அது தாய்மொழி கிடையாது. ஆளுக்கு ஒரு உச்சரிப்பு.

ஐரோப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. நாடுகள் சின்னவை, விமானங்கள் அதிகம். செக்டர் மாற மாற, விமானி அலைவரிசையையும் மாற்றிக்கொண்டே போகணும். அலைவரிசைகளே போதாமல், 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலை மூன்றாகப் பிரித்து 8.33 கிலோஹெர்ட்ஸ் ஆக்க வேண்டிய நிலைமை வந்தது. இதனால் விமானியிடம் சொல்ல வேண்டிய எண்ணும் ஆறு இலக்கமாக நீண்டது. ஒரு இலக்கம் மாறினாலும் வேறு யாரிடமோ போய்ப் பேச வேண்டியதுதான்.

டேட்டா லிங்க் அப்படின்னா என்ன?

இதன் முழுப்பெயர் ‘கன்ட்ரோலர் பைலட் டேட்டா லிங்க் கம்யூனிகேஷன்ஸ்’. சுருக்கமாக சிபிடிஎல்சி. புரிந்துகொள்ள எளிதாகச் சொன்னால், கன்ட்ரோலருக்கும் விமானிக்கும் நடுவே ஓடும் மெசேஜ் வசதி. ஆனால் நம் போனில் அனுப்புவது மாதிரி இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. எந்த உத்தரவுக்கு என்ன வாசகம் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். கன்ட்ரோலர் பட்டியலில் இருந்து தேர்வு செய்து அனுப்புகிறார்.

உதாரணத்துக்கு, ஒரு விமானத்தை 35,000 அடிக்கு ஏறச் சொல்லணும் என்று வைத்துக்கொள்வோம்.

* கன்ட்ரோலர் தன் ஸ்கிரீனில் அந்த விமானத்தைத் தொட்டு, புதிய உயரத்தைத் தேர்வு செய்வார்.
* அந்த மெசேஜ் தரைவழி நெட்வொர்க்கில் பயணித்து, விமானத்தின் எல்லைக்குள் இருக்கும் ஒரு ரேடியோ நிலையத்துக்குப் போகும். இந்த நிலையங்களை சிட்டா, காலின்ஸ் ஏரோஸ்பேஸ் போன்ற நிறுவனங்கள் இயக்குகின்றன.
* அங்கிருந்து விஎச்எஃப் அலையில் விமானத்துக்குப் போகும். காக்பிட்டில் ஒரு மணி ஒலிக்கும், திரையில் உத்தரவு தெரியும்.
* விமானி படித்துப் பார்த்து பதில் அனுப்புவார். செய்கிறேன் என்றால் ‘வில்கோ’. முடியாது என்றால் ‘அனேபிள்’. யோசிக்க நேரம் வேண்டும் என்றால் ‘ஸ்டாண்ட்பை’.

எழுத்தில் இருப்பதால் தவறாகக் காதில் விழ வாய்ப்பில்லை. சந்தேகம் வந்தால் மறுபடி படிக்கலாம். பக்கத்து விமானத்துக்குப் போன உத்தரவை இவர் எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏன்னா மெசேஜ் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும்தான் போகும்.

வேறு என்னென்ன வேலை செய்யும்?

ஐரோப்பிய விதியில் நான்கு சேவைகள் கட்டாயம்.

லாகின்: விமானம் தன் எண், புறப்படும் இடம், சேரும் இடம் போன்ற விவரங்களை கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பும். கையில் உள்ள பயணத் திட்டத்தோடு அது பொருந்தினால்தான் இணைப்பு கிடைக்கும்.

கைமாற்றம்: அடுத்த செக்டருக்குப் போகும்போது மாற வேண்டிய அலைவரிசை எழுத்தாகவே வந்துவிடும். அந்த ஆறு இலக்க எண்ணைக் காதால் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

அனுமதிகள்: உயரம், திசை, வேகம் பற்றிய உத்தரவுகள் இதில் வரும். விமானியும் வேறு உயரம் வேண்டும் என்று கேட்கலாம்.

மைக் சோதனை: யாரோ ஒரு விமானியின் மைக் பட்டன் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டால், அந்த அலைவரிசை முழுக்க அடைபட்டுப் போகும். கன்ட்ரோலரால் யாரிடமும் பேச முடியாது. அந்த நேரத்தில், உங்கள் மைக் சிக்கியிருக்கிறதா பாருங்கள் என்று டேட்டா லிங்க் வழியாக எல்லா விமானங்களுக்கும் மெசேஜ் அனுப்பலாம். டெனரீஃபில் வெளிப்பட்ட அதே பலவீனத்துக்கு இன்று இருக்கும் ஒரு மாற்று வழி இது.

முதலில் எங்கே வந்தது?

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் யூரோகன்ட்ரோல் அமைப்பு ஒரு கட்டுப்பாட்டு மையம் நடத்துகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், ஜெர்மனியின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றுக்கு மேலே 24,500 அடிக்கு மேல் பறக்கும் விமானங்களை அது கவனிக்கிறது. ஐரோப்பாவிலேயே நெரிசலான வான்பகுதிகளில் ஒன்று. 2003-ல் ஐரோப்பாவில் சிபிடிஎல்சியை அன்றாடப் பணியில் முதலில் கொண்டு வந்தது இந்த மையம்தான்.

பிறகு 2009 ஜனவரியில், 28,500 அடிக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கு டேட்டா லிங்க் வசதியைக் கட்டாயமாக்கி ஐரோப்பிய ஆணையம் விதி கொண்டு வந்தது. பழைய விமானங்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

அப்புறம் ஏன் தாமதம்?

விதிப்படி, கட்டுப்பாட்டு மையங்கள் 2013-லும் விமானங்கள் 2015-லும் தயாராகி இருக்கணும். ஆனால் நடைமுறையில் இணைப்பு திடீர் திடீரென்று அறுந்து போனது. அனுப்பிய மெசேஜ் போனதா இல்லையா என்று தெரியாத நிலையில் கன்ட்ரோலர் என்ன செய்வார்? ரேடியோவை எடுத்துப் பேசுவார். இப்படி நாலு தடவை நடந்தால் அந்தக் கருவி மேல் நம்பிக்கையே போய்விடும்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதை ஆராய்ந்தது. முக்கியமாகத் தெரிய வந்தது அலைவரிசை நெரிசல். இந்த மெசேஜ்களைச் சுமக்கும் விடிஎல் மோட் 2 தொழில்நுட்பத்தின் வேகம் நொடிக்கு 31.5 கிலோபிட் மட்டுமே. உங்கள் கையில் இருக்கும் 4ஜி போனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்தக் குறுகிய பாதையும், 136.975 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சேனலை நம்பி இருந்தது. போதாததற்கு, விமான நிறுவனங்கள் தங்கள் விமானங்களோடு பரிமாறும் சொந்தத் தகவல்களும் அதே பாதையில்தான் ஓடின.

இதனால் 2015-ல் விதி திருத்தப்பட்டது. மையங்களுக்கு 2018 பிப்ரவரி, விமானங்களுக்கு 2020 பிப்ரவரி என்று கெடு தள்ளிப்போனது. நெரிசலைக் குறைக்க ஒரு சேனலுக்குப் பதில் பல சேனல்களைப் பயன்படுத்தும் முறையும் கொண்டு வரப்பட்டது.

தரையில் ஓடும் டேட்டா ஏன் முக்கியம்?

விமானத்துக்குப் போகும் மெசேஜ் பாதி கதைதான். ஒரு மையம் இன்னொரு மையத்துக்கு, இந்த விமானம் இத்தனை மணிக்கு, இந்த உயரத்தில் உங்கள் எல்லைக்குள் வருகிறது என்று சொல்லணும். இந்தத் தகவல் இப்போது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தானாகவே போகிறது. டேட்டா லிங்க் லாகின் விவரமும் அப்படியே அடுத்த மையத்துக்குக் கைமாறும்.

தரைவழித் தொடர்பு துண்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1 இரவு ஒரு கொடூர உதாரணம். ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்யப் பயணிகள் விமானமும் டிஎச்எல் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தனர். பலர் பள்ளிக் குழந்தைகள். அந்த வான்பகுதியைக் கவனித்த சூரிச் மையத்தில் அன்றிரவு பராமரிப்புப் பணிக்காக பிரதான தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே கன்ட்ரோலர்தான் பணியில் இருந்தார். இரண்டு விமானங்கள் நெருங்குவதைப் பார்த்த ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையம் சூரிச்சைத் திரும்பத் திரும்ப அழைத்தது. லைன் கிடைக்கவே இல்லை.

2022 ஜூன் 15 அதிகாலையில் சுவிட்சர்லாந்து தன் வான்வெளியையே சில மணி நேரம் மூட வேண்டியிருந்தது. காரணம், கட்டுப்பாட்டு நிறுவனமான ஸ்கைகைடின் நெட்வொர்க்கில் ஏற்பட்ட கோளாறு. யாருக்கும் ஆபத்து வரவில்லை, ஆனால் விமானங்கள் ரத்தாகின, திருப்பி விடப்பட்டன.

எப்போது பயன்படுத்தக் கூடாது?

உடனே செய்ய வேண்டிய எதற்கும் டேட்டா லிங்க் கூடாது. விமானங்கள் ஆபத்தாக நெருங்கினால், இன்ஜினில் கோளாறு என்றால், குரல்தான். மெசேஜ் போய், விமானி படித்து, பதில் வர நேரம் ஆகும். வானத்தில் அந்த நேரம் மிக நீண்டது. குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் வராவிட்டாலும், கன்ட்ரோலர் ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்கணும்.

அதனால்தான் இது பெரும்பாலும் உயரத்தில் நிதானமாகப் பறக்கும் கட்டத்துக்கான வசதியாக இருக்கு. விமான நிலையங்களில் புறப்படும் முன் தரும் பயண அனுமதியை எழுத்தில் அனுப்பும் வழக்கம் உண்டு. ஆனால் ஓடுபாதையில் ஏறவும், புறப்படவும், இறங்கவும் இன்றும் குரலில்தான் அனுமதி.

இன்னொரு குறை, இந்த மெசேஜ்கள் ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பப்படுவதில்லை. ரேடியோ பேச்சும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் வந்த உத்தரவு விசித்திரமாகத் தெரிந்தால், விமானி குரலில் கேட்டு உறுதி செய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

அடுத்து என்ன?

தரை நிலையங்களை மட்டும் நம்பினால் நெரிசல் மீண்டும் வரும். அதனால் செயற்கைக்கோள் வழியாகவும் இந்த மெசேஜ்களை அனுப்ப ‘ஐரிஸ்’ என்ற திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை கொண்டு வந்திருக்கிறது. இதில் வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் பயன்படுகின்றன. ஈஸிஜெட் நிறுவனம் இதில் முதலில் இணைந்த விமான நிறுவனங்களில் ஒன்று.

பாதை எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான். அலைவரிசை மாற்று, இன்னும் கொஞ்சம் ஏறு என்பது போன்ற வழக்கமான உத்தரவுகள் எழுத்தில் போய்விட்டால், ரேடியோ காலியாக இருக்கும். நிஜமாகவே ஒரு விமானி அவசரமாகக் கூப்பிடும்போது, அவர் குரல் யாருடைய பேச்சிலும் மோதாமல் கன்ட்ரோலருக்குக் கேட்கும்.