‘கப்பு எங்கடா?’: ஒரகடம் வழித்தடத்தில் எள்ளலும் எசப்பாட்டும்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை இரவு. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையோரத்தில் ஒரு மெஸ். கை கழுவும் தொட்டிக்கு மேலே டிவி ஓடுகிறது. சேப்பாக்கத்தில் ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னையும் பெங்களூரும் ஆடுகின்றன. ஏ ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்தவர்கள், கழுத்திலிருந்து அடையாள அட்டையை இன்னும் கழற்றாத ஜெனரல் ஷிப்ட்காரர்கள் என்று முப்பது பேர் இருக்கலாம். சிவப்பு ஜெர்ஸி போட்டவர் ஒரே ஒருவர். அவர் இலையில் பரோட்டா விழுந்ததும் மூன்று மேசைகளிலிருந்து ஒரே கேள்வி: “கப்பு எங்கடா?” அவர் நிமிரவில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிட்டுவிட்டுச் சொன்னார்: “இருடா, மேட்ச் முடியட்டும்.” அன்று பெங்களூரு 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக அந்த அணி பெற்ற முதல் வெற்றி. பதினேழு வருட பாக்கியை அவர் மேசை மேசையாகப் போய் வசூலித்ததைப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி எனக்குள் திரண்டது.

பக்கத்து மாநிலத்து ரசிகரைக் கேலி செய்வது பகைக்கு விதை போடுவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காவிரியை நினைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு அந்த அச்சம் வருவது இயல்புதான். நான் பார்த்தவரை இந்தக் கருத்து பாதிகூட நிற்காது. எள்ளப்படுபவர் திருப்பிச் சொல்ல முடிகிற இடத்தில் எள்ளல் உறவாகிறது. திருப்பிச் சொல்ல வழியில்லாத இடத்தில் காயமாகிறது. மாநில எல்லையை வைத்து இதை அளக்க முடியாது. மறுமொழியை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் அந்தச் சிவப்பு ஜெர்ஸிக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். வாக்காளர் அட்டைப்படி தமிழ்நாட்டுக்காரர். மெஸ்ஸில் அவர் ‘கர்நாடகா’ ஆவது ஆட்டம் நடக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மட்டும். சேலத்துக்காரரும் திருவண்ணாமலைக்காரரும் கோலிக்காகச் சிவப்பு உடுத்துவதை இதே சாலையில் பார்க்கலாம். ஆக, ‘எதிரி மாநில ரசிகர்’ என்பது இங்கே ஒரு வேஷம். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர்போல, யாராவது ஒருவர் அதைக் கட்டியாக வேண்டும்.

இந்த வேஷத்துக்கு மேடை அமைத்துத் தந்தது தொழிற்சாலை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்ட் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பு மட்டும் 18,720 பேருக்கானது. வேறுவேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரே லைனில் நிற்கிறார்கள். வழித்தடத்தின் முதுகெலும்பான நெடுஞ்சாலை சென்னையையும் பெங்களூரையும் இணைப்பது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கர்நாடகத்தின் மேல்கோட்டையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார் என்று வைணவ மரபு சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். இந்த வழியில் போக்குவரத்து புதிதல்ல.

தமிழில் எள்ளலுக்கு இலக்கணம் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலை முதலில் வைக்கிறது. தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது என்று உரைமரபு அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் விளையாட்டு ரசிகர்களைப் பற்றி எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டுச் சம்பந்தி ஏசலில் மாப்பிள்ளை வீட்டாரின் கஞ்சத்தனத்தைப் பாடினால், அவர்கள் பெண் வீட்டுச் சாம்பாரைப் பாடுவார்கள். தஞ்சைப் பக்கத்து லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் விடிய விடிய ஒருவரையொருவர் மடக்கிப் பாடும். எசப்பாட்டு இல்லையென்றால் லாவணியே இல்லை. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் கேலியுறவு பற்றி எழுதிய கட்டுரையில், சிலருக்கிடையே அவமதிப்பு அனுமதிக்கப்படுவதோடு, அதற்குக் கோபப்படக் கூடாது என்ற கடமையும் சேர்ந்தே இருப்பதைக் காட்டினார். தமிழர் இதை ‘முறை’ என்ற ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். மாமன் மச்சானைக் கேலி செய்யலாம். பங்காளியிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. ஒரகடத்து மெஸ்ஸில் “கப்பு எங்கடா?”வுக்கு முன்னால் ‘மச்சான்’ என்ற சொல் தவறாமல் வருகிறது. ரத்த உறவோ கொண்டு கொடுத்த உறவோ இல்லாத இருவர், கேலி செய்வதற்காகவே ஒரு முறையை ஏற்படுத்திக்கொள்கிறார்கள்.

கேலியின் சரக்கும் இரு பக்கமும் சமமாகவே இருக்கிறது. மஞ்சள் கட்சி ஐந்து கோப்பைகளை எண்ணிக் காட்டும். 2011 இறுதியாட்டத்தில் பெங்களூரை 58 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியதைச் சொல்லும். சிவப்புக் கட்சி, சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடைபட்டுக் கிடந்ததை எடுத்துப் போடும். பெங்களூரு ரசிகர்களின் ‘ஈ சலா கப் நம்தே’ என்ற முழக்கத்தை எந்தத் தமிழருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘நம்தே’க்கும் ‘நமதே’க்கும் இடையே ஓர் உயிரெழுத்துத்தான் தூரம். காதில் விழுந்த உடனே புரிவதால்தான் அதை அவ்வளவு விரைவாகத் திரித்துக் கலாய்க்க முடிகிறது. இந்த மொழி நெருக்கத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. இந்தக் கேலியைத் தாங்குவதே அதுதான்.

2025 ஜூன் 3இல் அந்தக் கோப்பை முதன்முறையாகப் பெங்களூருக்குக் கிடைத்தது. மறுநாள் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஐந்தாம் தேதி காலை கம்பெனி பஸ்ஸில் தன்னிடம் யாரும் கப்பைப் பற்றிப் பேசவில்லை என்று ஓசூர்க்காரர் பின்னர் சொன்னார். “உங்க ஆளுங்க யாராச்சும் போயிருந்தாங்களா?” என்பதே எல்லோருடைய கேள்வியும். முறை உள்ள இடத்தில் கேலிக்கு நாள் கிழமை தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

காவிரி? இந்த வாதத்தின் கடினமான பகுதி இதுதான். 2018 பிப்ரவரி 16இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சியைக் குறைத்தது. ஒரு மாதம் கழித்து, மார்ச் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் கால்பந்து இறுதியாட்டம். சென்னையின் எஃப்சி, பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்றது. பகையின் விதை ரசிகர் கேலியில் இருந்திருந்தால் அது அன்றைக்கே முளைத்திருக்க வேண்டும். ஆட்டம் ஆட்டமாகவே முடிந்தது. கலவரம் ஏப்ரல் 10இல் சேப்பாக்கத்தில் நடந்தது. அன்று எதிரணி கொல்கத்தா. காவிரி மேலாண்மை வாரியத்தை மத்திய அரசு அமைக்காத நேரத்தில் கிரிக்கெட் கொண்டாட்டம் எதற்கு என்பதே போராடியவர்களின் கேள்வி. மைதானத்துக்குள் காலணி வீசப்பட்டது. மஞ்சள் ஜெர்ஸி போட்டுப் போன சொந்த ஊர்க்காரர்கள் அடிபட்டார்கள். அதன்பின் சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. தண்ணீரின் கோபம் கன்னட ரசிகரைத் தேடிப் போகவில்லை. விளையாட்டையே நிறுத்தச் சொன்னது.

அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்துப் பகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1835இல் டொலீடோ நகரை ஒட்டிய நிலத்துக்காக அந்த இரு பகுதிகளும் ஆயுதம் தாங்கி எதிரெதிரே நின்றன. இன்று ஒஹையோ ஸ்டேட் மாணவர்கள், ஆட்டம் நடக்கும் வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்தான ‘எம்’ வரும் இடமெல்லாம் சிவப்புப் பட்டை ஒட்டி மறைக்கிறார்கள். அங்கே வழக்கு முடிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கேலி மட்டும் மிஞ்சியது. இங்கே வழக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் மேட்டூர் நீர்மட்டத்தோடு திரும்பி வருகிறது. அப்படியிருந்தும் மெஸ்ஸில் கேலி கேலியாகவே நிற்கிறது என்றால், அதை நிறுத்திவைப்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கேலி உயிரைக் குடித்ததும் உண்டு. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் தம் நண்பரைக் கொன்றார். கோலியையும் பெங்களூரு அணியையும் இழித்துப் பேசியதில் தொடங்கிய தகராறு என்று செய்திகள் வந்தன. இருவரும் தமிழர், பழகியவர்கள். கொன்றவரின் திக்குவாயை அணியின் தோல்வியோடு சேர்த்துக் கேலி செய்ததாகவும் அச்செய்திகளில் இருந்தது. கொலைக்கு இது நியாயமாகாது. போன உயிர் போனதுதான். ஆனால் இங்கே கேலி அணியைத் தாண்டி உடலுக்குப் போய்விட்டதை ஆய்வாளர் கவனிக்காமல் விடக் கூடாது. அதுவும் பதில் சொல்லும் நாவையே போய்த் தொட்டது. மாநில எல்லை எதுவும் குறுக்கே இல்லாத இடத்தில், மறுமொழி இல்லாமையே கேலியை நஞ்சாக்கியது.

அந்த அளவுகோலை வைத்து வழித்தடத்தைத் திரும்பப் பார்த்தால் என் மனம் கலங்குகிறது. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலத்துத் தொழிலாளர்களை மெஸ்ஸில் யாரும் ‘மச்சான்’ போட்டுக் கலாய்ப்பதில்லை. அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் சொல் ‘வடக்கன்’. அது அவர்கள் இல்லாதபோதும், இருந்தாலும் அவர்களுக்குப் புரியாது என்ற நம்பிக்கையிலும் சொல்லப்படுகிறது. எசப்பாட்டுக்கு அங்கே இடமே இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது. ஒரே லைனில் நிற்பவர்களுக்குள் நாலு வார்த்தை கேலிப் பேச்சாவது ஓடியிருந்தால் அந்தப் பொய் இவ்வளவு எளிதாக நம்பப்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மார்ச் 28க்கே திரும்புகிறேன். கதவோரத்தில் மஞ்சள் ஜெர்ஸியில், முதுகில் 7 என்ற எண்ணோடு ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக தோனி இறங்கினார். மெஸ் எழுந்து கத்தியது. சத்தம் அடங்கியபோது அந்த இளைஞர் தமிழில், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல, “தல எங்க ஊரு” என்றார். ராஞ்சிக்காரர். சில நொடிகள் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்புறம் என்னடா மச்சான், முன்னாடியே எறக்கிவிடச் சொல்லியிருக்கலாம்ல?”

“போன் பண்ணேன்,” என்றார் அவர். “எடுக்கல.”

சிரிப்பு முதலில் ஓசூர்க்காரரிடமிருந்துதான் வந்தது. தன் இலையை எடுத்துக்கொண்டு கதவோர மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.