எர்லாங் மொழியில் நியூரோஎவல்யூஷன்

செயற்கை நரம்பு வலைகளின் எடைகளையும் அமைப்பையும் பரிணாம வழியில், தேர்வாலும் திடீர்மாற்றத்தாலும், உருவாக்கும் முறையை எர்லாங் என்னும் செயல்சார் நிரல்மொழியில் செயற்படுத்துதல். தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலியோர் 1980களில் உருவாக்கிய இம்மொழி 1998இல் திறமூலமானது.

இம்முறையில் ஒவ்வொரு நியூரானும் தனியொரு புரோசஸ், அதாவது தனித்து இயங்கும் நிரல் அலகு. புரோசஸ்கள் நினைவகத்தைப் பகிர்வதில்லை. செய்தி அனுப்பியே தொடர்புகொள்ளும். உணரிகளிலிருந்து வரும் உள்ளீடுகளை நியூரான் எடைகளால் பெருக்கிக் கூட்டி, விளைவை அடுத்தவற்றுக்கு அனுப்பும். வலையின் மரபுவகை, அதாவது அதன் அமைப்பையும் எடைகளையும் குறிக்கும் விவரம், தரவுத்தளத்தில் தனியே இருக்கும். திடீர்மாற்றம் அதன் நகலில் நிகழ்வதால் பெற்றோர் வலை சிதையாது. ஒரு வலை செயலிழந்தாலும் ஏனையவை தொடர்ந்து இயங்கும்.

எண்கணிப்பு வேகம் குறைவு என்பதும் செய்திப் பரிமாற்றச் சுமையும் இம்முறையின் குறைகள். இம்முறை பற்றி ஜீன் ஷெர் எழுதிய விரிவான கையேட்டை ஸ்பிரிங்கர் வெளியிட்டது.