இறங்குறது ஈஸி - கிராண்ட் கேன்யன் தண்ணிக் கதை

கிராண்ட் கேன்யன் விளிம்புல நின்னு போட்டோ எடுத்த நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாங்க: "ஆறு இதோ தெரியுதே, ஒரு நடை போயிட்டு வந்துரலாம்". இந்த ஆசை 1540-லயே ஸ்பானியர்களுக்கு வந்திருக்கு மக்களே! கார்சியா லோபஸ் டி கார்டெனாஸ் தலைமையில ஒரு சின்னப் படை, ஹோப்பி மக்கள் வழிகாட்ட விளிம்புக்கு வந்து, இறங்க வழி தேடி மூணு நாள் அலைஞ்சது. உடம்பு லேசான மூணு பேர் இறங்கிப் பார்த்தாங்க. மூணுல ஒரு பங்கு ஆழம் போய்ட்டு சாயங்காலம் திரும்பிட்டாங்க. மேலேருந்து ஆள் உசரம் தெரிஞ்ச பாறை, கிட்டப் போனா செவில் நகரத்துக் கோபுரத்தைவிட உசரமாம். குடிக்கத் தண்ணி கிடைக்காததால படையே மேற்கொண்டு போகாம திரும்பிடுச்சு.

வழி இல்லாமலா இருந்தது? ஹவாசுபாய் மக்கள் ஒரு நிலப்பிளவு ஒட்டியே ஏறி இறங்கிட்டுத்தான் இருந்தாங்க. பாதி வழியில ஊற்று, அதை வச்சு விவசாயம். இப்போ பிரைட் ஏஞ்சல் பாதைன்னு கூட்டம் கூட்டமா நடக்குறது அதுலதான்.

1890-கள்ல ரால்ஃப் கேமரன்னு ஒருத்தர் உள்ளே வந்தார். பாதையைச் சீர்பண்ணி, சுரங்க உரிமைன்னு பல இடத்தை வளைச்சுப் போட்டு, 1903-லேர்ந்து தலைக்கு ஒரு டாலர் சுங்கம். 1920-ல உச்ச நீதிமன்றமே உரிமை செல்லாதுன்னு சொல்லியும் மனுஷன் அசரலை. அடுத்த வருஷம் செனட்டராவே ஆயிட்டார் (அரசியல் எங்கேயும் ஒண்ணுதான் போல!). வேற வழியில்லாம தேசியப் பூங்காக்காரங்க 1924-25ல சௌத் கைபாப்னு தனிப் பாதை வெட்டினாங்க. முகடு மேலயே போறதால காட்சி பிரமாதம். ஆனா வழியில சொட்டுத் தண்ணி கிடையாது, நிழலும் அபூர்வம். நூறு வருஷத்துக்கு முந்தைய சுங்கத் தகராறு இன்னிக்கும் நம்ம தொண்டையைக் காய வைக்குது பாருங்க.

1928-ல பிரைட் ஏஞ்சல் பாதை பூங்கா கைக்கு வந்தது. ஊற்றுக்கரையில மிச்சமிருந்த கடைசி ஹவாசுபாய்க்காரரையும் அதே வருஷம்தான் வெளியேத்தினாங்க. படிச்சப்போ மனசுக்கு என்னவோ போலாச்சு.

சரி, நடக்குற மேட்டருக்கு வருவோம். சாதாரண மலைன்னா முதல்ல ஏறி, களைச்சா இறங்கிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். தெம்பா இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ஞ்சப்புறம் ஏத்தம். ஆத்துக்கும் விளிம்புக்கும் சுமார் 4,400 அடி வித்தியாசம். கீழே போகப் போக வெயிலும் கூடும். விளிம்பைவிட 10 டிகிரி செல்சியஸுக்கு மேலயே அதிகமா இருக்கும். இறங்க ஒரு மணி நேரம்னா ஏற ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஒரே நாள்ல ஆத்தைத் தொட்டுட்டு வர்ற வீராப்பு வேண்டவே வேண்டாம். கோடையில காலை 10 மணிலேர்ந்து 4 மணி வரைக்கும் நடக்காதீங்க, நிழல்ல உட்காருங்க. சட்டையை நனைச்சுக்கிட்டா ஏசி மாதிரி!

பலருக்குத் தெரியாத விஷயம் உப்பு. வெறும் தண்ணியா மடக்கு மடக்குன்னு குடிச்சு, ஒண்ணும் சாப்பிடாம இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கி ஆளையே கவிழ்த்துடும். ஊறுகாயோட புளியோதரை கட்டிட்டுப் போங்க, நான் அதான் செஞ்சேன் :-) கோவேறு கழுதைங்க எதிர்ல வந்தா பள்ளத்துப் பக்கம் ஒதுங்காம பாறைச் சுவர் பக்கமா நின்னு வழிவிடணும்.

பாதையில குழாய் இருக்கேன்னும் நம்பிடாதீங்க. 1960-கள் கடைசியில போட்ட குழாய், அடிக்கடி உடையும். போற அன்னிக்குக் காலையில விசாரிச்சுட்டே கிளம்புங்க.

இன்னொண்ணு, அந்த ஊற்றுக்கரைக்கு ரொம்ப நாளா இந்தியன் கார்டன்னு பேர். 2022 நவம்பர்ல ஹவாசுபாய் கார்டன்ஸ்னு மாத்தினாங்க. பழைய வரைபடம் வச்சிருந்தீங்கன்னா குழம்பிக்காதீங்க, விளிம்புலேர்ந்து நாலரை மைல், அதே இடம்தான்.