பெரி. சுந்தரம்

பெரி. சுந்தரம் (1890–1957) இலங்கையின் மலையகத் தமிழரிலிருந்து முதன்முதலில் அமைச்சரானவர். வழக்கறிஞர், தொழிலாளர் தலைவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். ஊவா மாகாணத்துப் பதுளை அவருடைய தொகுதியல்ல. ஆனால் ஊவாத் தோட்டங்களின் தொழிற்சங்க வரலாற்றை அவர் காலத்துச் சட்டங்களை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது.

1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கத்துக்கு இவரே செயலாளர். சங்கம் எதிர்த்த கொடுமைகளுள் தலையாயது துண்டு முறை. தொழிலாளி, ஆள் திரட்டி மேற்பார்க்கும் பெரியகங்காணியிடம் பட்ட கடனைத் தோட்ட நிர்வாகியான துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். அதைக் கட்டச் சம்மதிக்கும் தோட்டத்துக்கு ஆள் மாறலாம். தொழிலாளி பசறையிலிருந்து அப்புத்தளைக்குப் போனால் கடனும் கூடவே போகும், பெரும்பாலும் வளர்ந்தபடியே. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

டொனமூர் அரசியலமைப்பின்படி 1931இல் நடந்த முதல் அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டனில் போட்டியின்றித் தெரிவானார். தொழில், கைத்தொழில், வாணிபத்துக்கான நிர்வாகக் குழு அவரைத் தலைவராக்கியது. அப்பதவியே அமைச்சர் பதவி. வந்த நேரம் நல்ல நேரமல்ல. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என நாட்கூலி வகுக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழ, அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. தொழிலாளர் பக்கம் நின்றவரே அமைச்சராக இருக்கையில் இது நடந்தது. அவருடைய பொதுவாழ்வில் மிகச் சங்கடமான கட்டம் இதுதான். 1934இன் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும் 1935இன் தொழிற்சங்கச் சட்டமும் அதே பதவிக்காலத்தில் வந்தவை.

தொழிற்சங்கச் சட்டம் ஊவாவில் விரைவிலேயே வேலை செய்தது. 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில், தொழிலாளர் தெரிந்தெடுத்த குழுவைக் கலந்தே நடப்பதற்குத் தோட்டத்துரை இணங்கினார். சுந்தரம் சார்ந்திருந்ததோ வேறு முகாம், இலங்கை இந்தியன் காங்கிரஸ். அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் அவர் ஒருவர்.

1947 பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையில் வென்றவர் எஸ்.எம். சுப்பையா. சுந்தரம் செனட் சபைக்குச் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. இவற்றால் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட, 1952 தேர்தலில் ஊவாவிலோ பிற மலைநாட்டுத் தொகுதிகளிலோ காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.