காணாமற்போன மகள்கள்: இந்தியப் பிரிவினையின் மூன்று சிறுகதைகள்

1947 ஓகஸ்ட்டில் பிரித்தானிய இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாப்பும் வங்காளமும் நடுவே வெட்டப்பட்டன. ஒரு கோடிக்கும் அதிகமானோர் எல்லை கடந்து இடம்பெயர்ந்தனர். கொல்லப்பட்டோர் இரண்டு இலட்சம் என்பாரும் உண்டு, இருபது இலட்சம் என்பாரும் உண்டு. கடத்தப்பட்ட பெண்களை மீட்டு ஒப்படைக்க அவ்வாண்டு டிசம்பரில் இரு அரசுகளும் உடன்பாடு ஒன்றுக்கு வந்தன. இவையெல்லாம் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. மகளைத் தவறவிட்ட ஒரு தகப்பன் மறுநாள் காலை என்ன செய்தான் என்பதை அறிய உருதுச் சிறுகதைகளிடம்தான் போகவேண்டும்.

சாதத் ஹசன் மண்ட்டோ 1948 ஜனவரியில் பம்பாயிலிருந்து லாகூருக்குக் குடிபெயர்ந்தவர். அவரது 'கோல் தோ' என்ற கதையின் தலைப்புக்கு 'திற' என்று பொருள். அமிர்தசரஸிலிருந்து அகதிகளோடு புறப்பட்ட ரயில் எட்டு மணிநேரம் கழித்து முகல்புராவை அடைகிறது. அடுத்த நாள் காலை முகாம் தரையில் கண்விழிக்கும் சிராஜுதீன் என்ற முதியவருக்கு மனைவி கொல்லப்பட்டது நினைவிருக்கிறது. மகள் சகீனா எங்கே தவறினாள் என்பது நினைவில்லை. கோட்டுப் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. அது சகீனாவின் துப்பட்டா. ஓடும்போது விழுந்ததை, அவள் விடச்சொல்லியும், நின்று எடுத்து வந்திருக்கிறார். துணி கையில் இருக்கிறது, பிள்ளை இல்லை.

லொறியும் துப்பாக்கிகளும் வைத்திருக்கும் எட்டு இளம் தொண்டர்களிடம் மகளின் அடையாளம் சொல்கிறார்: வலது கன்னத்தில் பெரிய மச்சம். அவர்களுக்காகத் தொழுது வேண்டுகிறார். அவர்கள் சகீனாவைக் கண்டுபிடிக்கிறார்கள். துப்பட்டா இல்லாமல் கூசி நிற்பவளுக்கு ஒருவன் தன் கோட்டைக்கூடக் கொடுக்கிறான். ஆனால் தகப்பனிடம் அதைச் சொல்வதில்லை. சில நாட்களின் பின் ரயில் பாதையருகே மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணை முகாம் வைத்தியசாலைக்குத் தூக்கி வருகிறார்கள். ஜன்னலைத் திறக்குமாறு வைத்தியர் தகப்பனிடம் சொல்கிறார். 'திற' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் கை தன் உடையை அவிழ்க்கிறது. தகப்பன் கண்டது கை அசைந்ததை மட்டுமே. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று கூவுகிறார். வைத்தியருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

அந்த எட்டுப் பேரும் எதிர்த்தரப்பினர் அல்லர். அதே மதம், அதே நாடு, உதவ வந்தவர்கள். மற்றவர் செய்ததை மட்டும் எழுதுவது எளிதாக இருந்த காலத்தில் மண்ட்டோ இதை எழுதினார். கதையை வெளியிட்ட 'நுகூஷ்' சஞ்சிகை ஆறு மாதங்கள் தடைசெய்யப்பட்டது. 'தண்டா கோஷ்த்' என்ற இன்னொரு கதைக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் அவர் நீதிமன்றப் படியேறினார். நம்மிடையேயும், இறுதி யுத்தத்தில் பிள்ளைகள் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டதைப் பற்றி ஒரு கதை வந்தால் 'இதை இப்போது எழுதுவதால் யாருக்கு இலாபம்?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. எழுதுவதால் இராணுவம் செய்தது எதுவும் குறைந்துவிடாது. எழுதாவிட்டால் அந்தத் தாய்மாரின் பாதிக்கதை இல்லாமற் போய்விடும்.

மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' எல்லைக்கோட்டின் அபத்தம் பற்றிய கதையாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. இரு நாடுகளும் மனநோயாளிகளைப் பரிமாறிக்கொள்ளும் கதை அது. அதற்குள்ளும் ஒரு மகள் இருக்கிறாள். பதினைந்து வருடங்களாக லாகூர் மனநோய் வைத்தியசாலையில் இருக்கும் பிஷன் சிங்கைப் பார்க்க ஊர் நண்பர் ஃபஸல்தீன் வருகிறார். குடும்பத்தவர் பத்திரமாக இந்தியா போய்விட்டதாகச் சொல்லிவந்தவர், மகள் ரூப் கௌரின் பெயரில் தடுமாறுகிறார். பிறகு அவளும் சுகம்தான் என்கிறார். அவ்வளவுதான், கதை அந்த இடத்துக்குத் திரும்புவதேயில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மாருக்கு இந்தத் தடுமாற்றத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. எத்தனை அதிகாரிகள், எத்தனை ஆணைக்குழுக்கள் முன்னால் அதைக் கேட்டிருப்பார்கள்!

திரும்பி வந்தவளின் கதையை ராஜிந்தர் சிங் பேடி 'லாஜ்வந்தி'யில் எழுதினார். லாஜ்வந்தி என்றால் தொட்டாற்சுருங்கி. லுதியானாவில் சுந்தர்லால், மீட்கப்பட்ட பெண்களை ஏற்கும்படி வீதிவீதியாக ஊர்வலம் நடத்துகிறான். ஒருநாள் அவன் மனைவியே திரும்பி வருகிறாள். முன்பு அவளை அடித்தவன் இப்போது அடிப்பதில்லை. தேவி என்று அழைக்கிறான். நடந்ததைச் சொல்ல அவள் வாயெடுக்கும்போது, போனதை மறப்போம் என்கிறான். என்னைப் பொறுத்தவரை மூன்றிலும் கொடுமையான கதை இதுதான். இங்கே யாரும் கெட்டவரில்லை. புனர்வாழ்வு முடிந்து வந்த பெண்களின் வீடுகளுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். லாஜ்வந்தி விரும்பியது பழைய லாஜோவாக இருக்க, சண்டை போட, சமாதானமாக. சுந்தர்லால் ஊர்வலத்தை விடவில்லை. அவள் வீட்டில் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.