காசும் கேஷும்

வணிக உலகில் ‘கேஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப்போல் எளிதாகப் புழங்கும் சொற்கள் மிகச் சிலவே. சிவாஜிநகர்ச் சந்தையிலும், அலுவலகக் கணக்கேட்டிலும், வங்கி வரிசையிலும் அது நம் நாவில் தானே வந்து நிற்கிறது. கைப்பேசியைக் காட்டியே விலைகொடுத்து முடிக்கும் இந்நாளிலும் அச்சொல் வழக்கிழக்கவில்லை.

அதன் பொருளை முதலில் வரையறுத்துக் கொள்வோம். கடன், நிலுவை, சரக்கு ஆகியவற்றினின்று வேறாக, உடனே எடுத்துக் கொடுக்கத்தக்க நிலையில் உள்ள பணமே ‘கேஷ்’ எனப்படும். ஒருவனிடம் நிலமும் வீடும் நிறைய இருக்கலாம். வரவேண்டிய கடன் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆயினும் நாளைக் காலையில் கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லையெனில் அவனிடம் ‘கேஷ்’ இல்லை என்றே வணிகர் கூறுவர். கேட்டவுடன் வங்கியிலிருந்து எடுக்கத்தக்க இருப்பையும் கணக்காளர் இதனுள் அடக்குவர். நம் வணிகர் ‘ரொக்கம்’ என்று வழங்குவது இதனையே.

இச்சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்தே பிறந்தது என்று தமிழர் கூடும் இடங்களில் பெருமையுடன் கூறக் கேட்கிறோம். அயல்மண்ணில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இத்தகைய செய்திகள் இனிக்கின்றன. ஆனால் நாம் சொன்னதை நம்பிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, அங்கே அகராதியைப் புரட்டி நாணி நிற்குமாறு செய்தல் தகுமோ? ஆதலின் இதன் உண்மையை ஆராய்தல் நம் கடமையாகிறது.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள. ரொக்கப்பணத்தைக் குறிக்கும் சொல், பெட்டி எனப் பொருள்படும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அது இத்தாலியத்தில் ‘காஸா’ எனவும், பிரெஞ்சில் ‘கேஸ்’ எனவும் வழங்கி, பின்னர் ஆங்கிலத்தில் புகுந்தது. பணப்பெட்டியைக் குறித்த சொல் நாளடைவில் பெட்டியிலுள்ள பணத்துக்கு ஆகிவந்தது. இம்மாற்றம் நமக்கும் புதியதன்று. கடையின் பணப்பெட்டியைக் குறிக்கும் ‘கல்லா’ என்னும் சொல், ‘இன்று நல்ல கல்லா’ என்னுமிடத்து வசூலையே குறித்தல் காண்க.

மற்றொரு ‘கேஷ்’ நம்முடையது. தென்னாட்டிலும் கீழைக்கடல் நாடுகளிலும் வழங்கிய சிறு நாணயங்களை ஐரோப்பியர் அப்பெயரால் அழைத்தனர். தமிழ்க் ‘காசு’ போர்த்துக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ என்றாகி, ஆங்கிலேயர் வாயில் ‘கேஷ்’ என்றாயிற்று. நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்தையும் அவர்கள் இப்பெயராலேயே குறித்தனர். இன்றும் நாணயவியலார் அதனைக் ‘கேஷ்’ என்றே எழுதுகின்றனர். சீனத்து நாணயம் தமிழ்ப்பெயர் தாங்கி நிற்பது வியப்பன்றோ! ஒலியொத்த இவ்விரு சொற்களும் பொருளாலும் நெருங்கியிருந்தமையின், ஒன்றே எனப் பலர் மயங்கினர்.

தமிழில் காசின் பழமை பெரிது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்கொல்லன் கையிலுள்ள பொற்காசை உவமை கூறுகிறார். வெண்பாவின் ஈற்றடி முடியும் வாய்பாடுகளாக நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கினை யாப்பிலக்கணம் வகுத்தது. குற்றம் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டுமிடத்து அப்பொருள் பயின்று வருகிறது. இதனை வடமொழிக் ‘கர்ஷம்’ என்னும் நிறைப்பெயரோடு இணைத்துக் கூறும் அறிஞரும் உளர். சொல்லின் வேர் எதுவாயினும், கடல்கடந்து சென்ற வடிவம் தமிழர் நாவில் வழங்கிய வடிவமே.

சோழர் காலத்தில் காசு வட்டி ஈட்டும் முதலாகவும் விளங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த முதலை ஊரார் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் காசொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்த இசைந்த செய்தி காணப்படுகிறது. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. இக்காலத்தார் முதல் என்றும் வட்டி என்றும் பிரித்தெழுதும் கணக்கை அக்காலத்தார் கல்லிலேயே எழுதிவைத்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஆண்டபோது இக்காசு அவர்தம் கணக்கேட்டிலும் ஏறியது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணம் என்பதையும் அவர்கள் ‘ஃபனம்’ எனத் திரித்து வழங்கினர். 1803-ஆம் ஆண்டிட்ட செப்புக் காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலேறி வந்தன. அவ்வாறு 1808-ஆம் ஆண்டிட்ட காசுகளைச் சுமந்து புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அவற்றுட் பெருந்தொகை கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சந்தைக்கு வரவேண்டிய காசு ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஆங்கிலக் கடலில் உறங்கிக் கிடந்தது.

அக்கப்பல் மூழ்கிய 1809-ஆம் ஆண்டே பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்த ஆண்டுமாகும். சீரங்கப்பட்டணத்திலிருந்து படை இங்கு மாறியது. படைக்குப் பண்டம் விற்கவும் பணிசெய்யவும் தமிழர் பலர் வந்து ‘தண்டு’ எனப்பட்ட பகுதியில் குடியேறினர். எனினும் தமிழ் அவர்களோடுதான் முதன்முதல் இவ்வூருக்கு வந்தது எனல் பொருந்தாது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை.

இங்குக் குடியேறியவர்கள் காசு என்னும் சொல்லைப் புதிதாகக் கொணர வேண்டியிருக்கவில்லை. கன்னடத்திலும் அது ‘காசு’வே. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் செப்பு நாணயங்களில் ‘மயிலி காசு’ எனக் கன்னடத்திலும், ‘கேஷ்’ என ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுள்ளது. ஒரே சொல் தாய்வடிவிலும் பிறநாட்டார் திரித்த வடிவிலும் ஒரே நாணயத்தில் அமைந்தமை நோக்கத்தக்கது. நாம் ‘காசுக்கேற்ற தோசை’ என்கிறோம். நம் அண்டை வீட்டார் ‘காசிகெ தக்க கஜ்ஜாய’ என்கின்றனர். பண்டம் வேறு, படிப்பினை ஒன்றே.

சென்னை மாகாணத்தில் 1818-இல் வராகன் போய் ரூபாய் நிலைபெற்றது. 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என வைத்திருந்த திருவிதாங்கூரிலோ, ‘கேஷ்’ என்று பொறித்த நாணயம் நாடு விடுதலை பெற்ற காலம்வரை நீடித்தது. நாணயம் மறைந்தும் சொல் மறையவில்லை. 1957-இல் ரூபாய் நூறு பைசாவாகப் பகுக்கப்பட்டபின்பும், நாம் ‘ஐம்பது காசு’ என்றே கூறிவந்தோம். ‘செக்’ என்பதற்குத் தமிழில் ‘காசோலை’ எனவும், ‘கேஷியர்’ என்பதற்குக் ‘காசாளர்’ எனவும் பெயரமைத்தனர். பிறப்பால் வேறான ஆங்கிலச் சொல்லுக்கும் நம் காசே பொருளுரைத்து நிற்கிறது.

எனவே நம் பிள்ளைகளுக்கு நாம் கூறவேண்டுவது இதுவே: ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ ஐரோப்பியர் பெட்டியிலிருந்து வந்தது; அதனை நமதென்று உரிமை கொண்டாட வேண்டா. நம் காசு வேறொரு ‘கேஷ்’ ஆகிச் சீனம்வரை பெயர் பரப்பியது. அதனை மறக்கவும் வேண்டா. பிறர் பொருளைக் கணக்கில் சேர்த்து இருப்பை மிகுத்துக் காட்டும் வணிகன் தணிக்கை நாளில் தலைகுனிவான். மொழிப்பெருமைக்கும் அக்கணக்கே பொருந்தும். நம் பெட்டியில் உண்மையாக உள்ளதே போதுமான செல்வம். காசற எண்ணி அதனைப் பிள்ளைகள் கையில் ஒப்படைப்போமாக.